தொங்கும் கட்டையின் கீழே ஒரு குடை

2024 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. காற்று தரையிலிருந்து கடலை நோக்கி லேசாக வீசிக்கொண்டிருந்தது. பதினொன்றரைக்குள் அது திரும்பிவிடும். ஐந்து டன் கான்கிரீட் கட்டை என் கிரேனின் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தபோது, அதற்கு நேர் கீழே பதினோரு பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

கோவளத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் தூண்டில் வளைவு கட்டிக்கொண்டிருந்தோம். கடலரிப்பைத் தடுக்கக் கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் பாதை அது. அதன் நுனியைச் சுற்றி, நான்கு கால் வைத்த கட்டைகளைக் கடலில் அடுக்குவது என் வேலை. ஓர் ஊரில் இப்படிக் கட்டினால் மணல் அங்கேயே தங்கிவிடும்; வடக்கே இருக்கும் அடுத்த ஊரின் கரையைக் கடல் தின்னும். அந்த வடக்குக் குப்பத்துப் பெண்கள்தான் வந்திருந்தார்கள். படகை இழுத்து வைக்கக்கூட அங்கே மணல் மிச்சமில்லை என்று பேசிக்கொண்டார்கள். கீழே நின்று எனக்குக் கை காட்டும் சிக்னல்காரர் இரண்டு கைகளையும் விரித்து மறித்துப் பார்த்தார். அவரைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். கூட வந்த ஆண்கள் ஒன்பது பேர் கிரேனைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

அந்தப் பெண்களுக்குப் பயமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கூரைமேல் கிடக்கும் பாறாங்கல்லைப் போல, நான் பித்தானை அழுத்தினால் ஒழியக் கட்டை இறங்காது என்று நினைத்துவிட்டார்கள். முன்னால் இருந்த பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும். ஒரு கறுப்புக் குடையை விரித்து, பக்கத்தில் தண்ணீர்க் குடத்தை வைத்து, கல்யாணத்துக்கு வந்தவர் போலச் சாவகாசமாக உட்கார்ந்தார்.

நான் என்ன செய்ய முடியும் என்று திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தேன். இறக்கினால் பெண்கள். திருப்பினால், கிரேனின் பின்புறம் சமநிலைக்காக இருக்கும் இரும்பு எடை அந்த ஆண்களின் தலையில் மோதும். கிரேனின் கையைக் கடல் பக்கம் தாழ்த்தி நீட்டினால் பாரம் தாங்காது; எச்சரிக்கை மணி அலறும், பிறகு கிரேனே கவிழும். இறங்கிப் போய்க் கெஞ்சலாம் என்றால், பாரம் தொங்கும்போது கேபினை விட்டு இறங்கக் கூடாது. டிப்ளமோ படித்த காலத்திலிருந்து நான் மீறாத விதி அது.

சைட் இன்ஜினியருக்குப் போன் செய்தேன். போலீஸ் வரும்வரை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கச் சொன்னார்.

கட்டையின் கீழ்க்கால், கடலும் வானமும் சேரும் கோட்டுக்கு மேலே ஒரு கட்டைவிரல் அகலத்தில் தெரிந்தது. அதையே அடையாளமாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொன்றே காலுக்கு அது கோட்டைத் தொட்டது. கட்டை இறங்கிவிட்டதா, நான்தான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேனா? ஒரு சாண் மேலே தூக்கினேன். கீழே கைதட்டல். தாத்தா பயந்துவிட்டார் என்று என்னைக் காட்டி ஒரு பெண் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

பதினொன்று இருபதுக்கே காற்று திரும்பிவிட்டது. கட்டை மெல்ல ஆடத் தொடங்கியது. அதன் நிழல் குடைமேல் போவதும் வருவதுமாக இருந்தது. எனக்குப் பதினான்கு வருடமாகச் சர்க்கரை. காலையில் கூடுவாஞ்சேரியில் குடித்த டீயும் தண்ணீரும் அடிவயிற்றில் கல்லாக நின்றன. இன்னும் எத்தனை நிமிடம் தாங்கும் என்று தெரியவில்லை. வெட்கத்தை விட்டுக் கதவைத் திறந்து, ஒண்ணுக்குப் போக வேண்டும், எழுந்திருங்கள் என்று கத்தினேன்.

குடைக்காரப் பெண் சொன்னார்: "போயிட்டு வா நைனா. நாங்க இன்னா எட்டியா பாக்கப் போறோம்?"

"நான் இறங்கக் கூடாதும்மா. கட்டை தொங்குது."

"மிஷினு புடிச்சிகினு கீதே. நீ எதுக்கு?"

"மிஷினும் பிடிக்கணும், நானும் பாத்துக்கிட்டே இருக்கணும்."

"மிஷினு வுட்டுச்சின்னா? நீ சொல்றதுக்குள்ள நாங்க எழுந்து ஓட மாட்டோமா?"

"நீங்க எழுந்திருக்கிற நேரம்கூட இருக்காதும்மா."

அவர் குடையைச் சாய்த்து முதல் தடவையாக மேலே பார்த்தார். நிழல் முகத்தின்மேல் போய் வந்தது. பக்கத்தில் இருந்தவரின் தோளைத் தொட்டார். சிரிப்பு நின்றது.

"கடல்ல போட மாட்டேன்னு சொல்லு. எழுந்துக்குறோம்."

"வந்த லாரியிலேயே வெச்சிடறேன்."

"பேரப்புள்ள மேல சத்தியம்?"

"புள்ள வேண்டாம்மா. என் மேல சத்தியம்."

"ஒன் மேல பண்ணி இன்னா பிரயோஜனம்? நீயே இன்னிக்கோ நாளைக்கோ கீற."

ஆனாலும் எழுந்தார். ஒவ்வொருவராக எழுந்து, கிரேனைக் கடந்து, லாரிக்கு அப்பால் கரைப் பக்கம் போனார்கள். ஆண்களும் பின்னாலேயே போனார்கள். பதினொன்று, ஒன்பது என்று இரண்டு தடவை எண்ணினேன். குடம் மட்டும் கல்மேல் நின்றது.

போன் அடித்தது. கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த இன்ஜினியர். "எழுந்துட்டாங்கல்ல? அப்படியே கடல்ல எறக்கிடுங்கண்ணே. சீக்கிரம்."

நான் பெரிய நியாயஸ்தன் இல்லை. அவர் சொன்னபடி கட்டையைப் பக்கவாட்டில் கடல் பக்கம் திருப்பினால், அந்தப் பெண்கள் திரும்ப ஓடி வருவார்கள். இந்தத் தடவை இறங்கிக்கொண்டிருக்கும் கட்டைக்குக் கீழே வருவார்கள். போனைச் சட்டைப்பைக்குள் போட்டேன். சிக்னல்காரர் கை காட்ட, கட்டையைத் தூக்கி மெதுவாகக் கரைப் பக்கம் திருப்பினேன். லாரிக்கு மேலே கொண்டுவந்து நிறுத்தும்போது இரண்டு கைகளும் லீவரில் இருந்தன. அதற்கு மேல் அடக்க முடியவில்லை. சூடாகத் தொடை வழியே இறங்கி நாற்காலியில் தேங்கியது. அப்படியே உட்கார்ந்து, கட்டையின் நான்கு கால்களும் லாரியில் படிந்து கம்பிவடம் தளர்ந்ததைப் பார்த்த பிறகுதான் என்ஜினை நிறுத்தினேன்.

குடைக்காரப் பெண் குடத்தை எடுக்கத் திரும்பி வந்தார். கேபினிலிருந்து இறங்கிய என்னைப் பார்த்தார். அவர் ஒன்றும் கேலி செய்யவில்லை. கழுவிக்கொள்ளச் சொல்லிக் குடத்தைத் தண்ணீரோடு என் காலடியில் வைத்துவிட்டுப் போனார்.

நான்காம் நாள், போலீஸ் காவலோடு அதே கட்டையை வேறொரு ஆபரேட்டர் கடலில் இறக்கினார். அப்போது யாரும் அடியில் இல்லை. சொன்னதைக் கேட்காததற்காக எனக்கு மூன்று நாள் கூலி பிடித்தார்கள்: நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய். நாற்காலி உறையை, யாரும் கேட்பதற்கு முன் நானே மாற்றினேன்: தொள்ளாயிரம். அந்தப் பேண்ட்டை மறுபடி போட மனம் வரவில்லை. ஊரப்பாக்கத்தில் புதிதாக ஒன்று எடுத்தேன்: அறுநூற்று ஐம்பது. மொத்தம் ஆறாயிரத்து ஐம்பது ரூபாய்.