இருபது ரோஸ் செடிகள்

எண்பதுகளில் நான் விழுப்புரத்திலிருந்து தினமும் ரயிலேறி, திண்டிவனத்தில் தாவரவியல் படித்துக்கொண்டிருந்தேன். மரபியல் பாடத்துக்கு அந்திமந்தாரைச் செடிகளை எண்ணி வரச் சொன்னார் எங்கள் சார். அந்தச் செடியில் சிவப்பு ஜீன் இரண்டிருந்தால் பூ சிவப்பு, வெள்ளை ஜீன் இரண்டிருந்தால் வெள்ளை, இரண்டிலும் ஒவ்வொன்று இருந்தால் ரோஸ். பூவின் நிறத்தைப் பார்த்தே உள்ளே இருப்பதைச் சொல்லிவிடலாம்.

நானும் என் தோழியும் திண்டிவனம் ரயில்வே குவார்ட்டர்ஸ் பின்னால் தானாக முளைத்துக் கிடந்த செடிகளைத் தேர்ந்தெடுத்தோம். சாயங்காலம் பூ விரிந்ததும் எண்ணினோம். சிவப்பு முப்பத்தைந்து, ரோஸ் இருபத்தெட்டு, வெள்ளை பதினேழு. மொத்தம் எண்பது செடி. அவற்றின் நூற்றறுபது ஜீன்களில் தொண்ணூற்றெட்டு சிவப்பு. செடிகள் நிறம் பார்க்காமல் தங்களுக்குள் கலந்திருந்தால், அந்த விகிதப்படி ரோஸ் முப்பத்தெட்டு வரவேண்டும் என்பது பாடக் கணக்கு. பத்து குறைந்தது.

"ஏம்மா, ரெண்டு பேரும் பேசிக்கினே எண்ணுனீங்களா? போய் மறுபடி எண்ணிக்கினு வாங்க" என்றார் சார்.

பேசிக்கொண்டுதான் எண்ணினோம். ஆனாலும் கோபம் வந்தது. மறுநாள் வாயைத் திறக்காமல் எண்ணினோம். அதே இருபத்தெட்டு! துணி காயப்போட்டுக்கொண்டிருந்த குவார்ட்டர்ஸ் அக்கா, என்ன தேடுகிறோம் என்று கேட்டார். சொன்னோம்.

"ரோஸா? போன வாரம் ஒரு அம்மா ஆசையா கேட்டாங்க. கெழங்கோட இருபது செடி தோண்டிக் குடுத்தேன். அதோ, பச்ச கேட்டு வூடு."

போய்க் கதவைத் தட்டினோம். லுங்கியோடு, கையில் பூவாளியோடு வந்து திறந்தவர் எங்கள் சார்!

தோழி என் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள். நான்தான், "சார், ரோஸ் இங்க இருக்குது சார்" என்றேன்.

அவர் திரும்பி மதிலோரம் பார்த்தார். வரிசையாக இருபது செடி. உள்ளே போய்ப் பேனா எடுத்து வந்து, செய்தித்தாள் ஓரத்தில் கணக்குப் போட்டார். இருபதையும் சேர்த்தால் நூறு செடி, இருநூறு ஜீனில் நூற்றுப்பதினெட்டு சிவப்பு. ரோஸ் நாற்பத்தெட்டு வரவேண்டும். இருபத்தெட்டும் இருபதும் நாற்பத்தெட்டு.

"கரெக்டா எண்ணியிருக்கீங்கம்மா. நான்தான் தப்பா திட்டிட்டேன்" என்று சிரித்தார்.

விஷயம் தெரிந்ததும் அவர் மனைவி சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும். "எடுத்துக்கினு வந்தது நானு, திட்டு உங்களுக்கா?" என்றபடி ஆளுக்கொரு கிண்ணம் வேகவைத்த வேர்க்கடலை, எங்கள் பக்கத்து மல்லாட்டை, கொடுத்தார். அன்று என் ரயில் போய்விட்டது. எனக்கு அதைப்பற்றிக் கவலையே இல்லை.