ஏணிக்கு அடியில் நின்றவன்

எங்கள் குவார்ட்டர்ஸுக்கு பெயிண்ட் அடிக்க வந்த கான்ட்ராக்ட் தொழிலாளி அவர். குறிஞ்சிப்பாடிக்காரர், ஒல்லி. புருவத்தில்கூட வெள்ளைத் துளிகள் இருக்கும். ஏணியைச் சுவரில் சாய்த்ததும் அதன் காலோடு தன் கால்விரலை ஒட்டி நின்று, இரண்டு கைகளையும் தோள் உயரத்துக்கு நேராக நீட்டுவார். உள்ளங்கை படியைத் தொட்டால் சாய்வு சரி; அப்போதுதான் ஏறுவார். நான் வேலை பார்க்கும் மைன்ஸில் ஷிஃப்ட் தொடங்கும்போது பாதுகாப்பு உறுதிமொழி வாசிக்கிறவன் நான். ஆனாலும் அவர் செய்வது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

அன்று, ஏணியைப் பிடித்துக்கொள்ளும் அவருடைய கூட்டாளி வரவில்லை.

"சார், அடிய கொஞ்சம் புடிச்சிக்கினு இருக்கீங்களா? டைல்ஸு வழுக்குதுங்க."

"நான் இருக்கேன், ஏறுங்க" என்றேன்.

அவர் உச்சிக்குப் போனபோது வீட்டுக்குள் என் போன் அடித்தது. போனேன். ஷிஃப்ட் மாற்றிக்கொள்வது பற்றி நண்பரிடம் பேசிக்கொண்டிருந்தபோதே சத்தம் கேட்டது. ஓடி வந்தால், மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

கான்ட்ராக்ட் சூப்பர்வைசர் வந்து கத்தினார். "ஏணிய யாருய்யா புடிச்சிக்கினு இருந்தது?"

பெயிண்டர் என் பக்கம் திரும்பவேயில்லை. "யாரும் இல்லீங்க."

"ஆளில்லாம ஏறாதன்னு எத்தினி தடவ சொல்றது? இனிமே வேலைக்கு வராத."

நான் கதவோரம் நின்றேன். போன் இன்னும் கையிலேயே இருந்தது.

என்னைக் காப்பாற்ற அவர் பொய் சொன்னதாக நினைத்து, மனதுக்குள் நன்றிகூடச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் உறுதிமொழி வாசிக்கும்போது பாதியில் என் குரல் நின்றுவிட்டது. அவர் பொய் சொல்லவில்லை. ஏணியை யாருமே பிடித்துக்கொண்டிருக்கவில்லை.