நீலப் பிக்கப்பின் கழுத்தளவு

திரைச்சீலை தைப்பவளின் வீட்டில் வண்டிக்கென்று தனிக் கொட்டகை கிடையாது. வீட்டை ஒட்டித் தகரக் கூரையிட்ட நீண்ட அறை ஒன்று உண்டு. அதன் ஒரு பாதியில் தையல் இயந்திரமும் வெட்டுமேசையும். மறுபாதியில் பழைய நீலப் பிக்கப். தைத்து முடித்த திரைச்சீலைகளை, மடிப்பு விழாதிருக்க, கூரைக் கம்பிகளில் தொங்கவிடுவாள். அவை வண்டியை நாற்புறமும் சூழ்ந்து தரையைத் தொடாமல் அசையும். காலை வெயில் அந்த மெல்லிய துணிகளினூடே வடிந்து இறங்கும் வேளையில், வண்டி இமை மூடிய பெரிய விலங்கொன்று நீருக்கடியில் துயில்வது போலத் தோன்றும். வண்டியின் நீலமும் ஏறக்குறைய நீரின் நிறத்துக்கே வந்துவிட்டிருந்தது.

அவள் கணவர் பல் கட்டுபவர். நாள் முழுவதும் மெழுகிலும் சுண்ணத்திலும் பிறர் வாயின் அச்செடுத்து, அளவெடுத்து, பொய்ப்பல் வரிசைகளை இழைத்துக் கொடுப்பார். வீட்டுக்கு வந்தால் பேச்சு கிடையாது.

“ஊரார் வாயெல்லாம் சரி பண்ணிக் கொடுக்கிற மனுஷன், தன் வாயை மட்டும் தைச்சு வச்சிருக்கார்” என்பார்கள் அண்டைவீட்டார்.

“தைச்சது யாரு? வீட்டுக்காரிதான்” என்று வேறொருவர் முடித்துவைப்பார்.

அவளும் சிரித்துக்கொள்வாள். அவர்கள் அறியாத ஒன்று அவளுக்குத் தெரியும். பிக்கப்பில் அருகே ஏறி அமர்ந்து, தெருக்கோடித் திருப்பத்தைக் கடந்துவிட்டால், அந்த மனிதர் மடை திறந்தாற்போலப் பேசுவார். கனவில் கண்டது, பன்னிரண்டு வயதில் பயந்தது, மேகத்தின் வடிவம், செத்துப்போன நண்பரின் செருப்பு என்று எதை வேண்டுமானாலும் பேசுவார். இதன் காரணத்தையும் அவள் பல ஆண்டுகளில் கண்டுகொண்டிருந்தாள். எதிரே ஒரு முகம் இருந்தால் அவர் கண் நேரே பல்லுக்குப் போய்விடும்; பல்லைக் கண்டால் சொல் மறந்துவிடும். வண்டியிலோ இருவரும் சாலையைப் பார்க்கிறார்கள். சாலைக்குப் பல் இல்லை.

அந்த வண்டிதான் மூன்று வாரமாக மேடேறும்போதெல்லாம் கொதித்தது. என்ஜினிலிருந்து வெந்நீர் ரேடியேட்டருக்குப் புறப்படும் வாயின்மேல் ஓர் இரும்பு மூடி உண்டு. மூடிக்கும் என்ஜினுக்கும் இடையே வைத்த காகிதப் பேக்கிங் இற்றுப்போய் நீர் கசிந்தது.

“ஞாயித்துக்கிழமை காலையில பழைய இரும்புக்காரரை வரச் சொல்லியிருக்கேன்” என்றார் கணவர், தட்டைப் பார்த்தபடி.

“எதுக்கு? ஒரு பேக்கிங் மாத்தினா சரியாயிடும்.”

“போன தடவையும் ஒண்ணுதான் மாத்தின. உன் துணியைக் கொண்டுபோக ஒரு வாடகை வண்டி போதாதா?”

“வாடகை வண்டியில...” என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் கூச்சக்காரரிடம் ‘உங்கள் நடை அழகு’ என்று சொன்னால் அடுத்த அடியிலேயே அவர் தடுக்கி விழுவார். வண்டிக்குள் பேசுகிறீர்கள் என்று சொல்லிவிட்டால் அந்தப் பேச்சும் போய்விடும். ஆகவே அவள் சொன்னது இவ்வளவுதான்: “அன்னிக்கு அது தண்ணித்தொட்டி மேட்டை ஒரு தடவை ஏறிக் காட்டட்டும். கொதிச்சா நானே கயிறு கட்டி அனுப்பி வைக்கிறேன்.”

“சரி” என்றார். அன்றைய பேச்சு அத்துடன் முடிந்தது.

சனிக்கிழமை காலை, வண்டி குளிர்ந்திருந்த வேளையில், அவள் நீரை வாளியில் இறக்கினாள். மூடியின் போல்ட்டுகளைக் கழற்றி, எந்தத் துளையிலிருந்து வந்ததோ அந்த வரிசையிலேயே குண்டூசித் திண்டருகே அடுக்கினாள். பழைய பேக்கிங்கின் மிச்சத்தைச் சுரண்டித் துடைத்தாள். கடையில் வாங்கிய தடித்த பேக்கிங் தாளை வெட்டுமேசையில் விரித்து, அதன்மேல் மூடியைக் கவிழ்த்து, தையல் சுண்ணத்தால் ஓரம் வரைந்தாள். போல்ட் துளைகளைக் குறித்தாள். நடுவே நீர் போகும் பெரிய துளையையும் வட்டமிட்டாள். பிறகு கத்திரியை எடுத்தாள். முப்பதாண்டு பழகிய கை, மனத்தைக் கேளாமல் தானே போயிற்று. ஓரம் அழகாக வந்தது. வட்டமும் அழகாக வந்தது.

மூடியை முடுக்கி, நீர் ஊற்றி, நின்றபடியே என்ஜினை ஓடவிட்டாள். ஒரு சொட்டுக் கசிவில்லை. அவள் உள்ளம் குளிர்ந்தது. பிற்பகலில் மருத்துவமனைக்குப் பின்புறமிருந்த சிறு மேட்டில் ஏற்றிப் பார்த்தாள். பாதி ஏறுமுன்னரே வெப்பமுள் சிவப்புக்கோட்டைத் தொட்டது. முன்பு கசிந்து கொதித்த வண்டி, இப்போது கசியாமலே கொதித்தது.

எப்படியோ ஆற்றி ஆற்றி வீடு சேர்த்தவள், இறங்க மனமின்றி இருக்கையிலேயே சாய்ந்தாள். திரைச்சீலைகள் மூச்சுவிடுவன போல அசைந்தன. கண்ணயர்ந்த சிறுபொழுதில் ஒரு கனவு. ஓர் ஆறு அவளிடம் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறது. அளவெல்லாம் சரி, போட்டுப் பார்க்கையில் ஆற்றுக்குத் தலை நுழையவில்லை. ஆறு அவள் முன் குனிந்து, பொறுமையாக, மறுபடியும் மறுபடியும் நுழைந்து பார்க்கிறது. விழித்தபோது கனவின் ஈரம் மட்டும் நெஞ்சில் இருந்தது, பொருள் விளங்கவில்லை.

ஞாயிறு காலை ரேடியேட்டர் ஹோஸைப் பிடுங்கிவிட்டு, அது மாட்டியிருந்த மூடியின் குழாய்க் கழுத்துக்குள் டார்ச் அடித்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்து வளைந்திருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. கணவர் தேநீருடன் வந்து நின்றார். அவள் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பதைச் சற்று நேரம் பார்த்தார். பின் உள்ளே போனார்.

அப்போது வாசலில் இரும்புக்காரர், கயிற்றுச் சுருளைத் தோளில் மாட்டியபடி வந்து சேர்ந்தார்.

“என்னக்கா, துண்டு துண்டா கழட்டி வச்சிருக்கீங்க. எனக்கு வேலை மிச்சம்.”

“உக்காருங்க தம்பி. இன்னும் உயிர் இருக்கு.”

“இருக்கட்டும் இருக்கட்டும். நான் அவசரப்பட மாட்டேன். எமனுக்கு இருக்கிற பொறுமை எனக்கும் உண்டு” என்று முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கணவர் திரும்பி வந்தார். கையில் நீண்ட காம்பின் நுனியில் நகத்தளவு வட்டக் கண்ணாடி. வாய்க்குள் பார்க்கும் கண்ணாடி. அதைக் கழுத்துக்குள் நுழைத்து, ஒரு கண்ணை மூடி, “நல்லா திறங்க... நாக்கை இறக்குங்க” என்றார், வழக்கத்தில்.

இரும்புக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார்.

“உள்ளே சுத்திலும் ஈறு வளர்ந்திருக்கு” என்றார் கணவர். “ஒரு பக்கம் மடங்கி, வழியை அடைச்சுக்கிட்டு நிக்குது. பாரு.”

அவள் பார்த்தாள். கண்ணாடிக்குள் ஈரத்தில் சுருண்டிருந்தது அவள் வெட்டிய தாளே. சுண்ணக்கோட்டுக்கு உட்பக்கமாக அரை விரல் அகலம் கூடுதல்.

“கழுத்து” என்று மெல்லச் சொன்னாள்.

“என்ன?”

“கழுத்தைச் சின்னதா வெட்டிட்டேங்க. துணியில கழுத்தைக் கோட்டுக்கு உள்ளேதான் வெட்டுவோம். பின்னாடி பெரிசு பண்ணிக்கலாம். பெரிசா வெட்டிட்டா ஒட்ட முடியாது. கை அப்படியே போயிடுச்சு.”

கணவரின் தோள் குலுங்கியது. அவர் சிரித்து அவள் பார்த்து வெகுநாளாயிற்று. “வண்டிக்கு ரவிக்கை தைச்சிருக்க” என்றார், கண்ணாடியைத் துடைத்தபடி.

புதுத் தாளில் அவள் மீண்டும் வரைந்தாள். இம்முறை அவர் கத்திரியை வாங்கிக்கொள்ளவில்லை, பக்கத்தில் நின்று, “கோட்டுமேல... கோட்டுமேலயே...” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். மூடி ஏறியது. போல்ட்டுகள் தத்தம் துளைக்குத் திரும்பின. ஹோஸ் பூட்டி, நீர் நிரப்பி, சற்று நேரம் ஓடவிட்டாள்.

“நோயாளி எழுந்து உக்காந்தா வைத்தியருக்குச் சந்தோஷம். எனக்குத்தான் பொழப்பு போச்சு” என்றார் இரும்புக்காரர்.

“மேட்டை ஏறிட்டு வந்து சொல்றோம். இருங்க” என்று அவள் வண்டியைக் கிளப்பினாள்.

தெருக்கோடித் திருப்பம் வந்தது, கடந்தது. கணவர் பேசவில்லை. அவர் கண் வெப்பமுள்ளிலேயே இருந்தது. பள்ளிச்சுவர் போயிற்று, சலவைக்கடை போயிற்று, மேடு தொடங்கிற்று. என்ஜின் குரல் தாழ்ந்தது. முள் மெல்ல எழுந்து நடுவுக்கு வந்து, அங்கே நின்றது. வெள்ளைத் தண்ணீர்த்தொட்டி வானத்தில் பெரிதாகி, அருகே வந்து, தலைக்குமேல் நிழலாகக் கடந்தது. முள் அசையவில்லை. கணவரும் அசையவில்லை. வண்டி பிழைத்தது, பேச்சு பிழைக்கவில்லையோ என்று அவளுக்குத் தோன்றியது.

உச்சியில் வண்டியைத் திருப்பி இறங்கலானாள். கீழே ஊர் முழுதும் இளவெயிலில் மிதந்தது.

“ஒருத்தர் வந்தாரு” என்றார் கணவர், சாலையைப் பார்த்தபடி.

அவள் திரும்பவில்லை. “எப்போ?”

“செவ்வாய்க்கிழமை. வயசானவர். மேல்வரிசை முழுக்கக் கட்டணும். எப்படி இருந்தாலும் பரவாயில்ல, சீட்டி அடிக்க வரணும்னு சொல்றாரு. அவர் வளர்க்கிற கிளி, சீட்டி அடிச்சாத்தான் தோள்ல வந்து உக்காருமாம். பல்லு போனதுலேர்ந்து அது கூண்டை விட்டு வரவே மாட்டேங்குதாம்.”

“வந்துச்சா சீட்டி?”

“நாலு நாளா முன்பல்லைத் தேய்ச்சுத் தேய்ச்சுப் பாக்குறேன். காத்து வருது. சீட்டி வரல.”

வீட்டுத் திருப்பம் வந்தது. அவள் திருப்பவில்லை.

“இரும்புக்காரர் உக்காந்திருப்பாரே” என்றார்.

“அவருக்கு எமனோட பொறுமை இருக்காம். நீங்க சொல்லுங்க. என்ன மாதிரி சீட்டி?”

அவர் சற்று யோசித்தார். பின், சன்னல் கண்ணாடியை இறக்கி, உதடு குவித்து, காற்றை நோக்கி அதை மெல்ல அடித்துக் காட்டத் தொடங்கினார்.