இரண்டு அரளிப் பொட்டலங்கள்

என் தம்பிக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டன. பரிசோதித்துப் பார்த்ததில் அண்ணனுடையதும் பொருந்தியது, என்னுடையதும் பொருந்தியது. யார் கொடுப்பது என்று நீங்களே முடிவு செய்துகொண்டு வாருங்கள் என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார். கம்பத்துக்குத் திரும்பும் வழியெல்லாம், நான்தான் நான்தான் என்று இருவரும் சண்டை போட்டுக்கொண்டு வந்தோம்.

கடைசியில் அண்ணன், "பூப்போட்டுப் பாத்துருவோம். யாருன்னு ஆத்தா சொல்லட்டும். எல்லாம் அவ எழுதுனபடிதான் நடக்கும்" என்றார்.

எனக்கு எரிச்சல். குலுக்கிப் போட்டால் ஏதோ ஒன்று வரத்தான் செய்யும், அதில் ஆத்தா எங்கே வந்தாள்? ஆனாலும் சரி என்றேன். வாயில் இருந்த வீராப்பு வயிற்றில் இல்லை. என் பிள்ளைகள் இரண்டும் இன்னும் பள்ளிக்கூடமே போகவில்லை.

குலதெய்வக் கோயில் வாசலில் அண்ணனே வாழையிலையைக் கிழித்து இரண்டு பொட்டலம் கட்டினார். செவ்வரளி வந்தால் அவர், வெள்ளரளி வந்தால் நான். பூசாரி இரண்டையும் கைக்குள் உருட்டி அம்மன் காலடியில் போட்டார். கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். நார் இறுகிக் கிடந்தது. அதை அவர் நகத்தால் நெருடிப் பிரித்தார்.

சிவப்பு.

அப்பாடா என்று இருந்தது. அப்படி இருந்ததற்காக என்னையே நாலு அறை அறையலாம் போலவும் இருந்தது.

மற்றப் பொட்டலத்தைப் பிரிக்காமல் வாய்க்காலில் விடுவது வழக்கம். கொண்டுபோனவள் நான். எதையும் சரிபார்க்காமல் விடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. பிரித்தேன். அதிலும் சிவப்பு.

அண்ணன் பின்னால் வந்து நின்றார்.

"எழுதுனபடிதான் நடக்கும்னு சொன்னீகளே, அப்பறம் எதுக்குண்ணே இந்தக் கள்ளத்தனம்?"

"சத்தம் போடாத. வெள்ள வந்துருந்தா நான் என்னத்தா செய்வேன்?"

"வெள்ளப் பூ பறிச்சுட்டு வர்றேன். மறுபடியும் போடுவோம்."

"ஆத்தா ஒரு தடவதான் சொல்லுவா" என்றார், கொஞ்சமும் கூசாமல். பொட்டலத்தைப் பிடுங்கித் தண்ணீரில் எறிந்தார்.

ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. போய் பைக்கில் ஏறி உட்கார்ந்தேன். வண்டியைக் கிளப்பியவர், தோப்பைத் தாண்டியதும் வேகத்தைக் குறைத்தார். திரும்பிப் பார்க்காமலே கேட்டார்:

"ரொம்ப வலிக்குமாத்தா?"