ரோட்டு முடியும்வரை நான்தான் ஓட்டுவேன்: வடகரையில் ஒரு வான், ஒரு நாய், ஒரு மனுசன்

சந்தையில் என்னைக் காண்கிற தமிழ்ச்சனம் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: "அக்கா, அந்தக் கரடிக் கதை உண்மையோ?" மொன்ட்ரியாலில் ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் நிற்கிறவள் நான். தக்காளி நிறுத்துக்கொண்டே ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி வாய் உளைந்துவிட்டது. உண்மைதான். இனி யார் கேட்டாலும் இந்தப் பக்கத்தைப் போய் வாசிக்கச் சொல்லப்போகிறேன். மொன்ட்ரியாலிலிருந்து பெரிய ஆற்றின் வடகரை வழியே 138ஆம் நெடுஞ்சாலை முடிகிற நத்தாஷ்கான் வரை கேம்பர்வானில் போக நினைப்பவர்களுக்கும் உதவும். நாய் வைத்திருப்பவர்கள் கட்டாயம் வாசியுங்கள். நாங்கள் போனது 2008 ஜூன் நடுப்பகுதியில். ஒருவழித் தூரம் ஏறக்குறைய 1,270 கிலோமீற்றர்.

முதலில் ஏன் போனோம் என்பதைச் சொல்லவேண்டும். என் மனுசன் பதினெட்டு வருசம் நெடுந்தூர லொறி ஓட்டியவர். பிள்ளைகள் வளர்ந்து போனபின் ஊர் சுற்றவென்று இந்தப் பழைய கேம்பர்வானை ஆசைப்பட்டு வாங்கினார். உள்ளே ஒரு கட்டில், இரண்டு அடுப்பு, இடுப்பளவு குளிர்சாதனப் பெட்டி. வாங்கி இரண்டு கோடை போகவில்லை, சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, கண்ணைப் பிடித்துவிட்டது. பார்வை குறைந்தது, லைசென்ஸ் போனது. வீட்டு ஜன்னலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு, தெருவில் போகிற லொறி எத்தனை சில்லு லொறி என்று சத்தத்தை வைத்தே சொல்லிக்கொண்டிருப்பார். நாயை வெளியே கூட்டிப்போவதைத் தவிர வாசல் தாண்டமாட்டார்.  ஒருநாள் வேலையால் வந்து பார்க்கிறேன், வானின் கண்ணாடியில் 'விற்பனைக்கு' என்று பிரெஞ்சில் எழுதி ஒட்டியிருக்கிறார். ஆற்றுக்கு அங்கால் லொங்குய்யிலிருந்து ஒரு தமிழர் இரண்டுதரம் வந்து பார்த்துவிட்டு, மாத முடிவில் காசோடு வருவதாகச் சொல்லிப் போயிருந்தார்.

நான் லைசென்ஸ் எடுத்தது அதற்கு முந்திய இலையுதிர்காலத்தில்தான். நாற்பத்தொன்பது வயதில், மூன்றாவது தரம் போய்ப் பாஸ் பண்ணினேன். அதுவரை நகரத்தைத் தாண்டி ஓட்டியதில்லை. ஆனால் அந்தக் கடதாசியைக் கண்டதும் எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது.

"வானும் போனால் நீங்கள் இந்தக் கதிரையிலேயே வேர்விட்டிடுவியள். நான் ஓடுறன். ரோட்டு முடியிற இடம் மட்டும் நானே ஓடிக் காட்டுறன். இடையில திரும்பினனெண்டால் வித்துப்போடுங்கோ, வாய் திறக்கமாட்டன். ஓடி முடிச்சால் வான் எங்களுக்கு" என்றேன்.

"உமக்குப் பார்க்கிங்கே சரியா வராது. அது மலைரோட்டு" என்றார்.

"வாறியளோ, இல்லையோ?"

"ஓம், ஓம். வாறன்."

நான் தோற்றுவிடுவேன் என்ற நம்பிக்கையில்தான் அந்த ஓம். முப்பது வருசம் குடித்தனம் நடத்துகிறவளுக்கு அது விளங்காதா என்ன!

மூன்றாவது ஆள் கஸ்தோன். கறுப்பும் வெள்ளையும் கலந்த, முழங்கால் உயர நாய். மேல்வீட்டில் இருந்த கியூபெக் குடும்பம் முந்திய வருசம் ஜூலை முதலாம் திகதி வீடு மாறியபோது, புது வீட்டில் நாய்க்கு இடமில்லையென்று எங்களிடம் தந்துவிட்டுப் போனது. அதற்குப் பிரெஞ்சு மட்டும்தான் விளங்கும். "இரு" என்றால் திருதிருவென்று முழிக்கும், "அசீ" என்றால் உடனே குந்தும். எங்கள் வீட்டில் பிரெஞ்சு ஒழுங்காக விளங்குகிற ஒரே ஆள் அதுதான்.

சனிக்கிழமை விடிய ஆறு மணிக்குப் புறப்பட்டோம். கியூபெக் நகரம் வரை 250 கிலோமீற்றர், நேர் ரோட்டு, பயமில்லை. அதற்கு அங்கால் ஷார்லுவா மலைகள் தொடங்குகின்றன. பே-சென்-போல் ஊருக்கு இறங்குவது ஒரே செங்குத்து இறக்கம். கீழே ஆறு கடல்மாதிரிக் கிடக்கிறது, வான் தன்பாட்டில் உருளுகிறது, நான் பிறேக்கில் ஏறி நிற்காத குறை. இவர் பக்கத்து இருக்கையில் இருந்து தன் காலாலும் தரையை மிதிக்கிறார்.

"பிறேக்கை விடும்! கியரை ரெண்டுக்கு மாத்தும்! மணக்குது, மணக்குது!"

"கத்தாதையுங்கோ! நீங்கள் கத்தினால் எனக்கு எது கியரெண்டே மறந்துபோகுது!"

உண்மையாகவே ஏதோ கருகுகிற மணம் வந்தது. ஊருக்குள் இறங்கி, பிறேக் ஆறட்டும் என்று ஒரு மணித்தியாலம் நிறுத்தினோம்.  இவர் முகத்தில் 'சொன்னேனே' என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்த எரிச்சலில் அடுத்த இறக்கம் முழுவதையும் இரண்டாம் கியரிலேயே இறக்கினேன். பின்னால் வந்த பன்னிரண்டு கார்க்காரரும் என்னைத் திட்டியிருப்பார்கள். திட்டட்டும். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

தடுசாக்குக்குப் போக சாகினே ஆற்றைப் படகில் கடக்கவேண்டும். பத்து நிமிசப் பயணம், வாகனத்துக்கும் காசில்லை. நாய் வாகனத்துக்குள் இருக்கலாம், கயிற்றோடு மேல்தளத்துக்கும் வரலாம். தூரத்தில் இரண்டு வெள்ளைத் திமிங்கிலங்கள் முதுகைக் காட்டின. கஸ்தோன் அதைக் கவனிக்கவில்லை, பக்கத்துக் காரில் யாரோ தின்ற உருளைக்கிழங்குப் பொரியலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றது. அன்று இரவு தடுசாக்கில், முகாம் இடத்துக்கு 24 டொலர். அடுத்தநாள் பே-கொமோவைக் கடந்து செட்-ஈல் வரை 430 கிலோமீற்றர். வளைவும் ஏற்றமுமாக ஏழு மணித்தியாலம் பிடித்தது. இவர் ஏழு மணித்தியாலமும் ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பாதி பார்வையோடு இருக்கிற மனுசன் எனக்கு முன்னமே வளைவுகளைச் சொல்லுவார். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

மூன்றாம் நாள் பின்னேரம் றிவியேர்-ஓ-தொனேர் என்ற சிறு மீன்பிடிக் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். செட்-ஈலிலிருந்து 120 கிலோமீற்றர். கரையில் ஊர்ச்சனம் வாளியும் கைவலையுமாக நிற்கிறது. கிட்டப் போனால், ஐயோ கடவுளே, அலையோடு அலையாக மீன்! விரல் நீளத்தில் வெள்ளி வெள்ளியாக, முட்டையிட வந்து மணலில் குவிந்து துடிக்கிறது. கப்லான் என்று பெயராம். நெத்தலியைவிடக் கொஞ்சம் பெரிது. நீண்ட றப்பர்ச் சப்பாத்துப் போட்ட ஒரு அம்மா நான்காவது வாளியை நிரப்பிக்கொண்டிருந்தார். இவ்வளவையும் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கேட்டேன். "கொஞ்சம் பொரிப்போம். மிச்சம் உருளைக்கிழங்குத் தோட்டத்துக்கு" என்றார்.

"என்னவாம்?" என்றார் இவர்.

"தோட்டத்துக்குப் பசளையாம்."

"மீனையோ? விசரே இவைக்கு!"

மனுசன் காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டினார். அந்தக் குளிர்ந்த தண்ணீருக்குள், சமையல் சட்டியோடு இறங்கிவிட்டார். அந்த அம்மா சிரித்துக்கொண்டு தன் கைவலையை நீட்டினார். கஸ்தோன் குரைத்துக் குரைத்து அலையைக் கடித்தது. பல மாதத்துக்குப் பிறகு இவர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் கேட்டேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு வாளி மீன் அள்ளினோம்.

இனி வருவது எங்கள் சனம் மட்டுமே விடக்கூடிய பிழை. ஒரு சட்டி பொரித்தோம், ஒரு சட்டி குழம்பு வைத்தோம், கஸ்தோனுக்குச் சோற்றோடு முள்ளெடுத்துக் கொடுத்தோம். மிச்சத்தை எறிய மனம் வருமா? உப்புப் போட்டுப் பிரட்டி, வானின் கூரையில் என் பழைய நூல்சேலையை விரித்து, கருவாட்டுக்குக் காயப்போட்டோம். காற்றும் நல்ல காற்று. அன்றிரவு வானை நிறுத்திய இடத்துக்குப் பத்து அடி பின்னால் காடு நிற்கிறது என்பது இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

விடியற்காலம் வான் ஆடியது. முதலில் காற்றென்றுதான் நினைத்தேன். பிறகு மேலே பொத்துப் பொத்தென்று யாரோ நடக்கிற சத்தம். முன்கண்ணாடிக்கு மேலாகக் கறுத்த மயிரோடு ஒரு பெரிய பாதம் தொங்கியது. கஸ்தோன் கட்டிலுக்குக் கீழே போய்ச் சேர்ந்துவிட்டது, ஒரு முனகல்கூட இல்லை.

"கதவைத் திறக்காதையும்! அசையாதையும்!" என்று இவர் என் கையைப் பிடித்தார்.

நான் கையை உதறிவிட்டு முன் இருக்கைக்குத் தாவி, ஹோர்னில் இரண்டு கையையும் வைத்து அமத்தினேன். விடவே இல்லை. கரடி என் பக்கமாகச் சறுக்கி இறங்கியது. இறங்குகிறபோது சாரதிப்பக்கக் கண்ணாடியைத் தண்டோடு முறித்துவிட்டு, சேலையையும் இழுத்துக்கொண்டு காட்டுக்குள் ஓடியது. அது கண்ணுக்கு மறைந்தபிறகு கஸ்தோன் வெளியே வந்து வீரனாகக் குரைக்கத் தொடங்கியது. ஒரு மணித்தியாலம் குரைத்தது.

வெளியே இறங்கிப் பார்த்தேன். பொனெற் முழுவதும் கீறல், நிலத்தில் மீனும் உடைந்த கண்ணாடியும். 

"சரி. காணும். பக்கக்கண்ணாடி இல்லாமல் ஓட ஏலாது. இழுவை லொறிக்குப் போன் அடிச்சு செட்-ஈலுக்குத் திரும்புவம். நீர் இவ்வளவு தூரம் வந்ததே பெரிசு" என்றார் இவர். குரலில் வெற்றி இல்லை, களைப்புத்தான் இருந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த ஆறுதல்தான் என்னை உலுக்கியது. திரும்பினால் வான் போய்விடும். இவர் மறுபடி அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் போய் இருந்துவிடுவார், பிறகு எழும்பவே மாட்டார்.

"திரும்பிறதெண்டால் நீங்கள் நடந்து போங்கோ. நான் முன்னுக்குத்தான் ஓடுவன். லொறிக்காரனெல்லோ, வழியைச் சொல்லுங்கோ!" என்று கத்தினேன்.

 இவர் உள்ளே போய்த் தன் சவரக்கண்ணாடியை எடுத்துவந்தார். முறிந்த தண்டில் அதை வைத்து, ஒட்டுநாடாவால் சுற்றி, தடவித் தடவிச் சரி பார்த்தார். "இருந்து பாரும், பின் சில்லு தெரியுதோ? இன்னும் கொஞ்சம் கீழயோ?" என்று கேட்டுக் கேட்டு அரைமணி நேரம் திருப்பினார். இது சட்டப்படி சரியில்லை, நீங்கள் செய்யாதீர்கள். நான் செய்தேன். நூறு கிலோமீற்றரை மணிக்கு அறுபதில் ஊர்ந்து ஹாவ்-சென்-பியேர் போய்ச் சேர்ந்தோம். அங்கே ஒரு கராஜ்காரர் ஏதோ பழைய வானில் கழற்றிய கண்ணாடியைப் பூட்டித் தந்தார், 45 டொலர். கருவாட்டுக் கதையைக் கேட்டு அவர் சிரித்த சிரிப்புக்கு நாங்கள்தான் காசு வாங்கியிருக்கவேண்டும்.

கடைசித் துண்டு 155 கிலோமீற்றர். குட்டை மரங்கள், பாசி படர்ந்த பாறை, சதுப்புநிலம், இடையிடையே கடல். எதிரே பத்து வாகனம்கூட வரவில்லை. அரைவாசித் தூரத்தில் எனக்கு என்னவோபோல் இருந்தது. யாரும் வளைவு சொல்லவில்லை, யாரும் தரையை மிதிக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். இவர் தலையைச் சாய்த்து, வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, நல்ல நித்திரை. மடியில் கஸ்தோனின் தலை. இன்னொருவர் ஓட்டுகிற வாகனத்தில் இவர் கண்ணயர்ந்ததை என் வாழ்நாளில் நான் கண்டதில்லை. விமான நிலையத்துக்குப் போகிற டாக்சியில்கூட முழித்துக்கொண்டு வருகிற மனுசன். எனக்கு அழுகை வந்துவிட்டது. பள்ளம் பார்த்துப் பார்த்து, குலுக்காமல் ஓட்டினேன்.

நத்தாஷ்கானைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் தார் முடிந்தது. அங்கால் ரோட்டு இல்லை. இயந்திரத்தை நிறுத்தினேன். அந்த அமைதியில் இவர் திடுக்கிட்டு எழும்பினார்.

"ஏன் நிப்பாட்டினீர்? என்ன பிரச்சினை?"

"ஒண்டுமில்லை. ரோட்டு முடிஞ்சுது."

முன்னால் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நீர் ஓடேக்கையோ நான் நித்திரை கொண்டனான்?" என்று மெல்லக் கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன்.  இறங்கி மூன்று பேரும் வெண்மணலில் இருட்டும்வரை நடந்தோம்.

போகிறவர்களுக்குச் சில விசயங்கள். பெற்றோல் லீற்றர் ஒன்றரை டொலருக்குக் கிட்ட நின்றது, போய்வர 700 டொலருக்கு மேல் முடிந்தது. ஹாவ்-சென்-பியேரில் தொட்டியை நிரப்பாமல் அங்கால் போகாதீர்கள். ஜூனில் கறுப்பு ஈ கடித்தே கொல்லும். நாயின் வயிற்றையும் காதுமடலையும் தினமும் தடவிப் பாருங்கள். முகாம்களில் நாய்க்குக் கயிறு கட்டாயம். சாப்பாடு எதையும் வெளியே வைக்காதீர்கள். கருவாடு வேண்டுமென்றால் தமிழ்க்கடையில் வாங்குங்கள்.

மாத முடிவில், காசோடு வரட்டோ என்று கேட்க லொங்குய் ஆள் தொலைபேசியில் அழைத்தார். நான் குசினியில் நின்றேன். இவர் எடுத்தார்.

"இல்லை அண்ணை, குறை நினைக்காதையுங்கோ. வான் விக்கேல்லை" என்றார். மற்றப் பக்கம் ஏதோ கேட்டிருக்கவேண்டும். "கண் அப்பிடியேதான் இருக்குது, அண்ணை. இப்ப மனுசி ஓடுறா, நான் பக்கத்தில நித்திரை கொள்ளுறன்."