ஆள் நடந்தால் எரியிற லைற்

நான் பிரதேச சபையிலை கிளாக்கர். கறண்ட் பில்லைப் பார்த்துத் தலைவர் தலையிலை கைவைச்ச வருசம், தெருவிளக்குகளை ஒவ்வொண்டாய்ப் போய்ப் பார்த்து எழுதிற வேலை என்னட்டை வந்தது. பழைய மஞ்சள் விளக்குகளைக் கழட்டிப்போட்டு சோலர் லைற் போட்டால் கறண்டும் மிச்சம், புகையும் குறையும் எண்டு கூட்டத்திலை கதைச்சினம். சனமில்லாத இடங்களுக்கு வேறை வகை. கீழை ஆள் நடந்தால் பளிச்செண்டு எரியும், ஆள் போக மங்கிவிடும். எனக்கு அந்த லைற்றிலை ஒரே புளுகம், அப்பிடியொரு சந்தோசம். எங்கடை கடற்கரை ஒழுங்கையின்ரை கடைசி விளக்குக்கு நேரை, "ஆள் நடமாட்டம் இல்லை" எண்டு நானே என்ரை கையாலை எழுதினன்.

என்ரை மனுசனுக்குக் கடற்றொழில். பின்னேரம் போனால் விடியப்புறம் இருட்டோடை வருவார். எங்கடை கரைக்கு முன்னாலை தண்ணிக்கடியிலை முழுக்க முருகைக்கல், பவளப்பாறை. போட் நுழைய ஒரேயொரு ஒடுக்கமான வழிதான் இருக்கு, அதை வான் எண்டுவினம். இருட்டிலை அதுக்குள்ளாலை எப்பிடி வாறியள் எண்டு பத்து வருசத்திலை நான் ஒருநாளும் கேட்டதில்லை. என்ன பெண்சாதி நான்!

புது லைற் போட்ட மற்ற நாள் விடிஞ்சும் ஒரு போட்டும் வரேல்லை. போன் அடிச்சால் ஒருத்தரும் எடுக்கினமில்லை. ஒழுங்கைப் பெண்டுகள் எல்லாம் கரையிலை நிண்டம். நல்லா வெளிச்சம் வந்தாப் பிறகுதான் அவையள் வந்து சேர்ந்தினம். எங்கடை போட்டின்ரை அடி கல்லிலை உரசிக் கிடந்தது.

"கோயில் கோபுர விளக்கும் ஒழுங்கை விளக்கும் ஒரு நேருக்கு வந்தால்தான் வான். ஒழுங்கை விளக்கைக் காணேல்லை. எந்த விசரன்ரை வேலை?" எண்டார் இவர்.

"என்ரை வேலைதான்" எண்டு அழுதுபோட்டன். அவர் குனிஞ்சு போட்டின்ரை அடியைத் தடவிப் பார்த்தார். ஏசியிருந்தால் ஆறியிருப்பன்.

நான் எழுதினது பிழையெண்டு நானே சபைக்குக் கடிதம் குடுத்தன். சிரிச்சினம். சிரிக்கட்டும். லைற்றை மாத்திவிட ஒரு மாசம் செல்லுமெண்டினம். அதுவரைக்கும்?

நானே நடந்தன். விடியப்புறம் எழும்பிப் போய், லைற்றுக்குக் கீழை அங்காலை பத்தடி, இஞ்சாலை பத்தடி. நிண்டால் மங்கும், நடந்தால் எரியும். பாதி நித்திரையிலை, கரை எது கடல் எது எண்டு பிரிக்கேலாது. என்ரை நிழல் மணலிலை நீளும், பிறகு காலுக்குள்ளை வந்து சுருளும். தண்ணிக்கு மேலைதான் நடக்கிறனோ எண்டு சிலநேரம் மயங்கும். ஒழுங்கை நாய் ஒண்டும் கூடவே நடக்கும். பயம்தான். ஆனா உண்மையைச் சொன்னால், பயத்தைவிடச் சந்தோசம் கூட.

மாசம் முடிய ஆக்கள் வந்து, ஆள் இல்லாட்டியும் எரியிறமாதிரி மாத்திவிட்டினம். அண்டைக்குத்தான் நான் நல்லா நித்திரை கொண்டன். போட்டுகள் நேரத்துக்கு வந்தது. இவர் தேத்தண்ணியை வாங்கிக் கையிலை வைச்சுக்கொண்டு குடியாமல் இருந்தார்.

"என்னப்பா, லைற் எரியேல்லையோ?"

"எரிஞ்சது. முந்தி அது இடைக்கிடை மங்கேக்கை, நீ களைச்சு நிக்கிறாய் எண்டு நினைப்பன். திரும்ப எரியேக்கை, நடக்கத் தொடங்கிட்டாய் எண்டு சிரிப்பன். இண்டைக்கு ஒரேமாதிரி எரிஞ்சுகொண்டு நிண்டுது. வழி வடிவாத் தெரிஞ்சுது. உன்னைத்தான் காணேல்லை."