வெயில் விற்கிறவர்

தேநீர்க் கோப்பையை மேசையின் நடுவுக்கு நகர்த்திவிட்டார் என்றால் அது சூரியன். உப்பு டப்பா பூமி. அத்தான் பேசத் தொடங்கிவிட்டார் என்று அர்த்தம். இனி யார் கேட்டாலும் உப்பு கிடைக்காது.

"சூரியன் எரியுதுன்னுதானே நினைக்கிறீங்க? எரியவே இல்லை. விறகா அது, எரியறதுக்கு? நடுவுல ஹைட்ரஜன் அணுக்கரு ஒண்ணோட ஒண்ணு மோதிச் சேருது. நாலு சேர்ந்தா ஒரு ஹீலியம். சேரும்போது துளி எடை காணாமப் போகுது. காணாமப் போன அந்தத் துளிதான் வெயிலு."

இந்த வீட்டிலும் நாலு பேர் சேர்ந்திருக்கிறோம். அத்தான், என் அக்கா, அவர்கள் மகள், தையல் மிஷினோடு நான். சேர்ந்ததில் எடை குறைந்தவள் அக்கா ஒருத்திதான். சூரியனைப் பற்றிப் பேசி முடிப்பதற்குள் ஆறிப்போகிற தேநீரை மறுபடி சூடுபண்ணிக் கொண்டுவருகிறவளும் அவள்தான்.

அத்தான் வெயிலில் தண்ணீர் காய்ச்சும் சோலார் ஹீட்டர் விற்கிறார். சட்டைப்பையில் விளம்பரத் தாள்கள் துருத்திக்கொண்டிருக்கும். வெளியாட்களிடம் பேசும்போது குரலில் தேன் வழியும். வீட்டுக்குள் வந்ததும் அது வற்றிவிடும். "சூரியனுக்கு ஆள் பார்க்கத் தெரியாது சார். எல்லாருக்கும் ஒரே மாதிரி கொடுக்கும்" என்று சொல்லும்போது, கொடுக்கிறவர் தானே என்பதுபோல் நெஞ்சில் கை வைத்துக்கொள்வார்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் பேச்சில் போர்வை வந்தது. "ராத்திரி பூமி ஏன் விறைச்சுப் போகலை? காத்துதான் அதுக்குப் போர்வை. பகல்ல வாங்கின சூட்டைச் சட்டுனு ஓட விடாது."

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அக்கா என் பக்கம் குனிந்தாள். "போர்வையைப் பத்தி மட்டும் இந்த மனுஷன் வாயைத் திறக்கக் கூடாதுடி. தினமும் ராத்திரி முழுப் போர்வையையும் சுருட்டிக்கிறது யாரு?"

குளிர் காலத்தில் அக்காவுக்கு விரல் மூட்டுகள் வீங்கிக்கொள்ளும். விடிந்ததும் விரல்கள் மடங்காது. மொட்டை மாடியில், காற்று அடிக்காத ஒரே மூலையான படிக்கட்டு அறைச் சுவரோரம் முக்காலி போட்டு, கைகளை மடியில் மலர்த்தி வைத்து உட்காருவாள். வெயில் ஏற ஏற விரல்கள் ஒவ்வொன்றாக இளகும். அதன் பிறகுதான் அவளால் ஸ்வெட்டர் பொத்தானைப் போட முடியும், கத்தியைப் பிடிக்க முடியும்.

சென்ற மாதம் அத்தான் சரியாக அந்த மூலையை மறைத்து ஒரு ஹீட்டரை நிறுத்தினார். சாய்வாக ஒரு பெரிய பலகை, அதன் தலையில் உருளைத் தொட்டி. வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காம். அக்காவின் முக்காலி நிழலுக்குள் போனது.

"கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி வைக்கக் கூடாதாங்க?"

"அந்தப் பக்கம் வச்சா தெருவுல போறவன் கண்ணுல எப்படிப் படும்?"

"அங்கேயும் இதே சூரியன்தானேப்பா" என்றாள் மகள்.

"தொழில் விஷயத்துல நீ மூக்கை நுழைக்காதே." பிறகு அக்காவிடம் பெருந்தன்மையாகத் திரும்பினார். "இனிமே உனக்கென்ன, மகாராணி. குழாயைத் திறந்தா சுடுதண்ணி. கையை முக்கி வச்சுக்க."

அதுவும் நடக்கவில்லை. பார்க்க வருகிறவர்கள் காலையில்தான் வருகிறார்கள். தொட்டியில் இருக்கிற சூட்டை அவர்களுக்காகத் திறந்துவிடுகிறார் அத்தான். "தொட்டுப் பாருங்க சார். நேத்து அடிச்ச வெயிலு." ஆவி பறக்க அது சாக்கடைக்குப் போகும். அக்கா வாளியோடு வந்து நின்றால், "இரு, சார் போகட்டும்" என்பார். சார் போவதற்குள் சுடுதண்ணீர் போயிருக்கும். இப்போதெல்லாம் அக்காவுக்கு நான்தான் பொத்தான் போட்டுவிடுகிறேன். அதைக் கேட்கக் கூச்சப்பட்டு, "குளிரலை, ஸ்வெட்டர் வேணாம்" என்று சொல்கிற நாட்களும் உண்டு.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். பலகையின் ஓரத்தில் ஒரே ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு வெயில் மிச்சம் இருந்தது. அதில் அத்தான் நின்றுகொண்டார். முதுகை வெயிலுக்குக் கொடுத்து நிற்பது அவர் வழக்கம். கண்ணும் கூசாது, முதுகுக்கும் இதம்.

"நடுவுல ஒன்றரைக் கோடி டிகிரி சார். அங்க பிறந்த சூடு சூரியனோட மேற்பரப்புக்கு வந்து சேரவே ஆயிரக்கணக்கான வருஷம். அங்கேயிருந்து நம்ம மாடிக்கு எட்டு நிமிஷம். இவ்வளவு தூரம் வருதே, ஒரு நாளாவது பில் போட்டிருக்கா?"

வந்த பெண் பக்கத்து மூலையில் முக்காலியில் இருந்த அக்காவை எட்டிப் பார்த்தாள். "அவங்க ஏன் நிழல்ல உட்கார்ந்திருக்காங்க?"

"அவளுக்கு அந்த இடம்தான் பிடிக்கும்மா. பழகிட்டா" என்றார் அத்தான்.

அக்கா எழுந்தாள். நிழலில் நின்றபடியே பக்கவாட்டில் இரண்டு கைகளையும் நீட்டி, அத்தானின் முதுகில் வைத்தாள். கறுப்புச் சட்டை. வெயிலில் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும். அவள் கண்கள் தாமாக மூடிக்கொண்டன. அந்தப் பெண் வேறு ஏதோ நினைத்துக்கொண்டு புன்னகைத்தாள்.

அத்தான் தோளைச் சிலுப்பினார். "ஐஸ் மாதிரி இருக்கு, எடு கையை." ஓரடி முன்னால் நகர்ந்து காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். "எங்க விட்டேன் சார்? ஆங், எட்டு நிமிஷம்."

அக்காவின் கைகள் அந்தரத்தில் நின்றன. அவள் அவற்றை இறக்கவில்லை. அத்தான் விட்டுப்போன இடத்தில், உள்ளங்கைகளை மெல்லத் திருப்பி வெயிலுக்குக் காட்டினாள்.